கீழ்வாலைப் பாறையிற் குதிரை ஏறியவன்

விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையில் செங்காவி கொண்டு பாறைமேல் தீட்டப்பெற்ற பண்டை ஓவியங்கள் சில உள்ளன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அறிஞருலகிற்கு அறிமுகமான இவற்றுள் ஒன்று, தமிழகத் தொல்லோவியங்களைப் பற்றி எழுதுவோர் பலரும் எடுத்துக்காட்டும் சிறப்பினை உடையது. மூன்று மாந்தர் உருவங்கள் அதன்கண் காணப்பெறும். ஒருவன் குதிரை போலத் தோன்றும் விலங்கின்மீது அமர்ந்திருக்கின்றான். மற்றொருவன் அவ்விலங்கின் கழுத்திற் பிணித்த கயிற்றைப் பிடித்து அதனை நடத்துகின்றான். மூன்றாமவன் இரு கைகளையும் நீட்டியவாறு நிற்கின்றான். மூவர் முகமும் பறவையின் முகம் போல அமைந்துள்ளன. சுற்றிலும் மரமில்லை, மனையில்லை, நீரில்லை. பாறையின் வெறும் பரப்பே உள்ளது.

வெம்மையான பாலைப் பரப்பில் தனியே குதிரை ஊர்ந்து செல்லும் வீரன் ஒருவனை இவ்வோவியம் காட்டுகின்றது என்று விளக்குதல் எளிது. இவ்விளக்கத்தைப் பிறர்மேல் ஏற்றிக் கூற யாம் விரும்பவில்லை. யாமே வகுப்பிற் பல ஆண்டுகள் கூறிவந்தது இதுதான். பாலைத்திணைச் செய்யுட்களைப் பாடஞ் சொல்லுங்கால் இவ்வோவியத்தின் படியொன்றைக் காட்டுவது எம் வழக்கம். அப்படியோ குதிரையையும் அதன்மேல் இருப்பவனையும் மட்டுமே கொண்டது. ஏனைய இருவரும் படத்தின் எல்லைக்கு வெளியே விடப்பட்டிருந்தனர். எடுத்துக்கொண்ட பகுதியே சிதைவுற்றதாயின், அதன்மேற் கட்டிய விளக்கம் யாங்ஙனம் நிலைபெறும்? அவ்விளக்கம் எவ்விடத்து வழுவிற்று என்பதையும், ஓவியத்தைப் படிக்க நம் இலக்கணம் எவ்வளவு துணை செய்யும், எவ்விடத்து நின்றுவிடும் என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. குதிரைமேல் இருப்பவன் எவனாயினும் அவனை நாம் 'குதிரை வீரன்' என்றே எழுதிவிடுகின்றோம். 'குதிரைக்காரன்' என்றால் குதிரையைப் பேணுபவன் அல்லது வண்டி ஓட்டுபவன் என்றாகிவிடும். வெறுமனே ஏறியிருப்பவனைச் சுட்டப் பொதுவழக்கில் நமக்கு ஏற்ற சொல் இல்லை. ஆகவே, படத்தைப் பார்க்குமுன்னரே சொல் அவன் கையில் வாளைக் கொடுத்துவிடுகின்றது. இக்குறையை உணர்ந்தே இக்கட்டுரைத் தலைப்பில் 'குதிரை ஏறியவன்' என்று எழுதினோம். செவிக்கு இன்பமாக இல்லையெனினும் அது மிகைபடக் கூறவில்லை.

சொல்லேயன்றிக் கண்ணும் பழக்கப்பட்டதே. மணற்பரப்பில் தனிக் குதிரையாளன் என்னும் காட்சி நம் நாட்டில் தோன்றியதன்று. பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா 1832-இல் மொராக்கோ சென்று வந்ததும், அவர்க்குப் பின் ஃபிரொமாந்தென் 1846 முதலாக அல்ஜீரியாவிற்குச் சென்று தீட்டியதும் எழுதியதும், அக்காட்சியை ஐரோப்பியர் மனத்தில் நிலைநாட்டின. அதன் வழிவந்த அச்சுப்படங்களும் பின்னர்த் திரைப்படங்களும் அதனை உலகெங்கும் பரப்பின. அக்கண்ணோடு பார்ப்பவனுக்குக் குதிரையும் வெற்றிடமும் ஒருங்கு தோன்றிய அளவிலேயே பாலை தோன்றிவிடும். எனினும் ஃபிரொமாந்தென் தீட்டிய 'தாக நாடு' என்னும் ஓவியம் இவ்வகைப் பெருமிதக் காட்சி அன்று. நீரின்றி வீழ்ந்து மடிவாரையே அது காட்டுகின்றது. நம் பாலைப்பாட்டின் உள்ளத்திற்கு நெருங்கியது அவ்வோவியமேயன்றி மற்றையவை அல்ல என்பது எம் கருத்து.

சென்னையில் உள்ளார்க்கு இதனை வேறொரு வகையிலும் விளக்கலாம். மெரீனாக் கடற்கரையிற் குதிரைக் காவலர் சுற்றிவருதலைப் பலரும் கண்டிருப்பர். கடலும் கட்டடமும் படத்துள் விழாதவாறு அக்காட்சியை எடுத்து அயலார் ஒருவர்க்குக் காட்டின், அவர் அதனைப் பாலைநிலம் என்றே கூறுவர். அம்மணற்பரப்போ கடலுக்கு அண்மையில் இருப்பது மட்டுமன்றி, பெரும்பகுதி கடலே கொணர்ந்து இட்டதுமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுள் நீட்டப்பட்ட பின்னர், தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கரையோரமாக நகரும் மணல் அச்சுவரால் தடைப்பட்டுத் தென்புறத்தே குவிந்தது. வடபுறத்தே மணல் வரவின்றி இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை அரிக்கப்பட்டது. ஒரு பக்கத்து மணலின் பெருக்கமும் மறுபக்கத்து நிலத்தின் தேய்வும் ஒரே காரணத்தால் விளைந்தவை. படம் இதனைச் சொல்லாது.

இனி இலக்கணத்திற்கு வருவோம். அகப்பாட்டின் பொருளைத் தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து வாழும் தெய்வமும் மாவும் மரமும் புள்ளும் தொழிலும் பிறவும் கருப்பொருள். மாந்தர்தம் ஒழுக்கமே உரிப்பொருள். இம்மூன்றனுள் ஒன்றனின் ஒன்று சிறந்தது எனவும், உரிப்பொருள் அல்லாதன மயங்கி வருதலும் உண்டு எனவும் அவர் கூறிய விதிகள், ஓவியத்தைப் படிப்பார்க்கும் பெரிதும் பயன்படுவன. ஒரு காட்சியில் நிலம் எதுவாயினும் அமைக. அதில் நிகழும் ஒழுக்கம் யாது என்பதே அக்காட்சி எத்திணையது என்பதனைத் தீர்மானிக்கும்.

பாலைக்கோ நிலம் என்பதே தனியாக இல்லை. உலகத்தை நான்கு நிலமாகப் பகுத்த தொல்காப்பியர் நடுவணதாகிய பாலையை அப்பகுப்பினின்று ஒழித்தார். முல்லையும் குறிஞ்சியும் கோடையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவு கொள்ளும் என இளங்கோவடிகள் காடுகாண் காதையிற் கூறிய விளக்கம் யாவரும் அறிந்தது. எனவே தமிழ்ப் பாலை என்பது சகாராவைப் போல என்றும் மணலாய்க் கிடக்கும் நிலமன்று. அது நிலத்துக்கு நேரும் ஒரு நிலைமை. மழை பெய்தால் நீங்கிவிடுவது. இவ்வேறுபாட்டை மறந்து 'பாலை' என்னும் சொல்லையும் 'பாலைவனம்' என்னும் பிற்காலச் சொல்லையும் ஒன்றாகக் கொண்டமையே எம் முதற் பிழை.

இதற்குப் பட்டினப்பாலையினும் சிறந்த சான்று இல்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய அப்பாட்டு 301 அடிகளால் ஆயது. அவ்வடிகளுள் பெரும்பாலான காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தையும் கரிகாலன் வெற்றியையும் பேசுவன. துறைமுகமும் பண்டசாலையும் சுங்கமும் மீனவர் குடியிருப்பும் அதிற் காட்சி தருகின்றன. கடல்வழியே வந்து இறங்கிய குதிரைகளும் பிறநாட்டுப் பண்டங்களோடு அங்கே எண்ணப்படுகின்றன. ஆயினும் அப்பாட்டு நெய்தலன்று, மருதமுமன்று, பாலை. பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன் தன் நெஞ்சை நோக்கி, அத்தகைய பட்டினத்தையே பெறினும் இவளைப் பிரிந்து வாரேன் எனச் செலவழுங்கும் சில அடிகளே அதனைப் பாலையாக்கின. ஓவியன் ஒருவன் இப்பாட்டைத் தீட்டப் புகுந்தால் கலங்களையும் குதிரைகளையும் கூட்டத்தையுந்தான் தீட்டுவான்; பார்ப்பவன் அதனைப் பாலை என்று ஒருகாலும் அறியான். மறுதலையாக, வெறும் மணலில் ஒருவனைத் தீட்டிவிட்டதனாலேயே அது பாலையாகிவிடாது.

பாலையிற் செல்வோன் யார் என்பதும் நோக்கத்தக்கது. சங்க அகப்பாட்டில் சுரங்கடக்கும் தலைவன் பெரும்பாலும் காலால் நடப்பவன். உடன்போக்கிலும் அவள் சிலம்பொலிக்கும் அடிகளே நினைக்கப்படுகின்றன. குதிரையோ தேரிற் பூட்டப்பட்டு, வினைமுடித்து மீளும் முல்லைத் தலைவனுக்கும், கானற்சோலைக்குத் தேரூர்ந்து வரும் நெய்தல் தலைவனுக்கும் உரியதாகவே மிகுதியும் வருகின்றது, பாகனும் உடனிருப்பான். பிரிந்து போகுங்கால் கால். மீண்டு வருங்கால் தேர். விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. எனினும் பெருவழக்கு இதுவே. சுரத்தைக் கூட்டமாகக் கடந்தவர் உமணர். கடற்கரையில் விளைந்த உப்பை எருது பூட்டிய வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குச் சென்ற அவர்களால் நெய்தலும் பாலையும் ஒரே வழியின் இரு முனைகளாயின. எண்ணூர், அத்திப்பட்டுப் பகுதிகளில் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த மாணவர்க்கு இச்செய்தியை விளக்க உரை வேண்டியதில்லை.

அவ்வாறு வளர்ந்த மாணவர் ஒருவராலேயே எம் பிழை எமக்குத் தெரிந்தது. திருவொற்றியூர்க் கடற்கரையை அடுத்த ஒரு கூடத்தில், இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்களைச் சேர்ந்த முதுகலை மாணவர் சிலர்க்கு ஒருநாள் பாலைத்திணை பற்றிப் பேசினோம். அன்று எம் பழைய படி கைக்கு எட்டாமையால், ஓவியம் முழுமையும் அடங்கிய வேறொரு படியைச் சுவரில் ஒளியால் வீழ்த்திக் காட்டினோம். வழக்கம்போல் 'பாலையிற் செல்லும் வீரன்' என்று தொடங்கினோம். மீனவர் குடியிற் பிறந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, வீரன் என்கிறீர்கள், கயிறு வேறொருவன் கையில் அல்லவா இருக்கிறது?" என்று வினவினார். சற்றுநேரங் கழித்து அவரே, "எதிரில் நிற்பவன் கும்பிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. எங்கள் துறையில் கயிறு வாங்க நிற்பவன் இப்படித்தான் கையை நீட்டி நிற்பான்" என்றார்.

யாம் உடனே விடை கூற இயலாது நின்றோம். கரைவலை இழுக்குமிடத்தும், கட்டுமரத்தையும் படகையும் அலையினின்று கரையேற்றுமிடத்தும் கயிறே எல்லாம். எறிபவன் ஒருவன், வாங்குபவன் ஒருவன். கடற்கரையிற் பழகிய கண் மாந்தரைக் காணுமுன் கயிற்றைக் காண்கின்றது. ஏட்டிற் பழகிய எம் கண் கயிற்றை விட்டு வீரனைக் கண்டது. மூன்றாமவனின் நீட்டிய கைகள் வரவேற்பைக் குறிப்பன என்று எழுதினோர் உளர். அது பொருந்தாது என்று கூறற்கில்லை. ஆயினும் கயிற்றைப் பெறுதற்கு நீட்டிய கை என்னும் இவ்விளக்கம், படத்தில் உள்ள ஒரு பொருளையே பற்றி எழுவதால் கூடுதல் வலியுடையது. வரவேற்பு என்பது நாம் கருதிக்கொள்வது. கயிறு ஓவியனே தீட்டியது.

கயிற்றை முதன்மையாகக் கொண்டால் காட்சி முற்றிலும் வேறாகின்றது. தன் குதிரையைத் தான் செலுத்தாது பிறன் நடத்த அமர்ந்திருப்பவன் போர்க்குச் செல்வான் அல்லன். நெடுஞ்சுரந் தனியே கடப்பானும் அல்லன். அவன் கொண்டுவரப்படுகின்றான், அல்லது அவனோடு அவ்விலங்கு கொண்டுவரப்படுகின்றது. ஓரிடத்தை விட்டுப் பிரிதல் அன்று, ஓரிடத்தை வந்து சேர்தலே இங்கு ஒழுக்கம். உரிப்பொருளால் திணை கொள்ளும் நெறிப்படி இதனைப் பாலை என்றற்கு இடமில்லை.

இவ்விடத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லபாடியில் வெண்ணிறத்தில் தீட்டப்பட்டுள்ள ஓவியத்தை ஒப்பிட்டு நோக்குதல் நன்று. அங்கும் குதிரையேறிய உருவங்கள் உள்ளன. அவை ஒன்றோடொன்று பொருவனவாகக் காணப்படுகின்றன. குதிரையை நடத்தும் மூன்றாமவன் இல்லை. அதனை வீரர் காட்சி என்று கொள்வதில் எமக்குத் தடையில்லை. இரண்டு ஓவியங்களையும் 'குதிரை வீரர்' என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடக்கிக் கூறுதலே தடைசெய்யத்தக்கது.

கயிறு கைமாறும் செய்தி நம் பிற்கால இலக்கியத்திற்கும் புதியதன்று. பாண்டியன் பொருட்டுக் குதிரை வாங்கச் சென்ற வாதவூரர் வரலாற்றில், இறைவன் குதிரை வாணிகனாக வந்து குதிரைகளை ஒப்புவிக்கும் பகுதி திருவிளையாடற் புராணத்தில் விரிவாக உள்ளது. கயிறு மாறிய பின் குதிரையின் நன்மை தீமைகட்கு விற்றவன் பொறுப்பல்லன் என்னும் வாணிக முறைமை அக்கதையின் திருப்பத்திற்கே அடிப்படை. அன்றிரவு பரிகள் நரிகளாகின்றன. பழியோ வாதவூரர்மேல் வருகின்றது. இக்கதையைக் கீழ்வாலைக்குச் சான்றாகக் காட்டுவோம் என்று எவரும் அஞ்ச வேண்டா. பாறையோவியத்துக்கும் பரஞ்சோதி முனிவர்க்கும் இடைப்பட்ட காலம் மிகப் பெரிது. கயிறு என்பது விலங்கைக் கட்டும் கருவி மட்டுமன்று, உரிமையையும் பொறுப்பையும் கைமாற்றும் குறியாகவும் அமையக்கூடும் என்பதனை நினைவூட்டும் அளவிலேயே அது பயன்படும்.

தமிழகத்தில் குதிரை நெடுங்காலம் கடல்வழி வந்த பொருளாகவே இருந்தது. உருத்திரங்கண்ணனாரே தம் மற்றொரு பாட்டாகிய பெரும்பாணாற்றுப்படையில், நீர்ப்பெயற்று என்னும் துறையில் கலங்கள் வெண்குதிரைகளோடு வடநாட்டு வளங்களைக் கொணர்ந்து நிற்பதைக் கூறினார். மதுரைக்காஞ்சியும் கலத்தில் வந்த குதிரையை அறியும். இடைக்காலக் கல்வெட்டுக்களில் 'குதிரைச் செட்டிகள்' என்னும் வாணிகர் காணப்படுகின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் குதிரைகள் பாண்டிநாட்டில் வந்து இறங்கியதையும், பேணும் முறை அறியாமையால் அவை மிகுதியாக மடிந்ததையும் எழுதியுள்ளார். திருநெல்வேலி மாவட்டத்துத் திருப்புடைமருதூர்க் கோயிற் கோபுரத்துச் சுவரோவியங்களுள் குதிரைகளை ஏற்றிவரும் கலமொன்று தீட்டப்பட்டிருத்தலை நேரிற் கண்டார் மறவார். அங்கே குதிரைக்குப் பின்புலம் மணலன்று, கடல்.

இராயபுரத்துக்கு அண்மையிலும் இக்காட்சி நிகழ்ந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆத்திரேலியாவின் நியூ சௌத் வேல்சு பகுதியினின்று படைக்கு வேண்டிய குதிரைகள் சென்னைக்குக் கப்பலில் வந்தன. அந்நாட்டுப் பெயராலேயே அவை 'வேலர்' எனப்பட்டன. துறைமுகம் அமையுமுன் கப்பல்கள் கரையினின்று விலகி நங்கூரமிட, ஆளும் பொருளும் மசூலாப் படகிலேறி அலைகளைக் கடந்தே கரை சேர வேண்டியிருந்தது. அக்காலத்து வந்த குதிரைகளும் அவ்வலைகளைக் கடந்தே வந்தன. தம் முன்னோர் தொழிலில் இத்தகைய செய்திகள் உள்ளமையை அம்மாணவர் அறிந்திருந்தாரோ இல்லையோ, அவர்தம் கண் அதனை அறிந்திருந்தது.

இங்கே எம்மையே யாம் தடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கயிறு என்னும் திறவுகோல் கிடைத்ததும் எல்லாப் பூட்டுக்களையும் அதனாலேயே திறக்க மனம் விழைகின்றது. எடுத்துக்காட்டாக, பிறர் ஈர்த்துச் செல்லும் குதிரையொன்று அகமரபிலேயே உண்டு, அது மடல்மா. பனைமடலாற் செய்த குதிரைமேல் தலைவன் ஏற, அதனைப் பிறர் தெருவில் ஈர்ப்பர். அவன் தலைவியின் உருவெழுதிய கிழியைக் கையிற் கொண்டிருப்பான். கீழ்வாலை ஓவியத்தை மடலேற்றம் என்று நிறுவ முனைந்து, இரண்டு பக்க அளவில் யாம் எழுதியதும் உண்டு. பின்னர் அதனைக் கிழித்தெறிந்தோம். படத்தில் உள்ளது பனைமடல் என்று கருதற்கு ஒரு கோடும் இல்லை. முகங்கள் மூன்றும் பறவை முகமாயிருத்தற்கும் அவ்விளக்கத்தில் விடையில்லை. கயிற்று விளக்கத்திலும் அதற்கு விடையில்லை என்பதை ஒளிக்காது கூறுகின்றோம். சடங்கிற்குரிய முகமூடி என்று கருதுவார் கொள்கை வலியுடையது. அங்ஙனமாயின் நாம் காண்பது நாள்தோறும் நிகழ்வதொன்றன்று. ஓர் ஊர் தன் பெருவிழாவில் நிகழ்த்திக் காட்டிய வருகையாகலாம். அப்போதும் அது வருகையே.

விலங்கு குதிரைதானா என்னும் ஐயத்தையும் விட்டுவிடலாகாது. 'குதிரை போன்ற விலங்கு' என்றே எழுதிச் செல்லும் ஆராய்ச்சியாளர் நிதானமுடையவர். காலத்தைப் பற்றியும் அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை. இங்குள்ள குறிகளைச் சிந்துவெளிக் குறிகளோடு இணைத்துப் பேசுவாரும் உளர். அது வேறொரு வழக்கு, ஈண்டு அதனுட் புகவில்லை.

எஞ்சியது நிலம். பாறை வெறுமையாயிருத்தலால் நிலமும் வெறுமையாயிருந்தது என்று கொள்ளலாமா? தொல்லோவியன் பெரும்பாலும் பின்புலம் தீட்டுவதில்லை. வேட்டையைத் தீட்டுவான், காட்டைத் தீட்டான். ஆட்டத்தைத் தீட்டுவான், களத்தைத் தீட்டான். பாறை அவனுக்கு எழுதுபரப்பு, நிலத்தின் படமன்று. வெள்ளைத்தாளில் கோட்டுருவாக வரையப்பட்ட ஒருவனைப் பனியில் நிற்கின்றான் என்று யாரும் கூறார். பாறைக்கு மட்டும் அவ்விலக்கு ஏன் இல்லையாயிற்று? பாறை தானும் ஒரு நிலமாய் நம்முன் கிடத்தலால், எழுதுபரப்பையும் எழுதிய பொருளையும் நாம் ஒன்றாக்கிவிடுகின்றோம். உரிப்பொருள் மட்டுமே அமைந்து, முதலும் கருவும் வாராத அகப்பாட்டுக்கள் நம்மிடம் பல உள்ளன. அவற்றிற்கு நிலம் இல்லை என்போமேயன்றி அவை பாழ்நிலத்தில் நிகழ்ந்தன என்னோம்.

சகாராவின் தாசிலி மலைப்பகுதி இதற்குப் பெரும் எச்சரிக்கை. 1956-இல் ஆங்கி லோத் என்பார் தலைமையிற் சென்ற குழு அங்குள்ள ஓவியங்களைப் பெருந்தொகையாகப் படியெடுத்தது. இன்று நீரற்றுக் கிடக்கும் அப்பாறைகளில் ஆனிரைகளும் நீர்யானைகளும் உள்ளன; அவற்றின் பிற்பட்ட அடுக்கில் குதிரையும் தேரும்; இறுதியில் ஒட்டகம். ஓவியன் பாலையைத் தீட்டவில்லை. பாலை பின்னர் வந்து ஓவியத்தைச் சூழ்ந்தது. 1957-இல் வாகண்கரால் கண்டறியப்பட்ட பீம்பேட்காவிலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல காலத்து உருவங்கள் உள்ளன, குதிரையேறியோர் பிற்காலத்தவர். ஒரே பாறையில் அருகருகே இருப்பன ஒரே காலத்தன என்று கொள்ளுதலும் ஆகாது.

ஆகவே, இனி யாம் குறிக்கவிருக்கும் செய்தியை அளவோடே கொள்க. கீழ்வாலையில் குதிரை மட்டும் இல்லை; படகும் உண்டு. மாந்தர் சிலர் படகிற் செல்வதாக அங்கே ஓர் ஓவியம் செங்காவியிலேயே தீட்டப்பட்டுள்ளது. அவ்வூர் கடலினின்று பல கல் தொலைவில் நடுநாட்டின் உள்ளே இருப்பது. படகு கடலுக்குரியதோ, தென்பெண்ணை போன்ற ஆற்றுக்குரியதோ, இரு ஓவியங்களும் ஒரே கையின எனலாமோ என்பன தனித்தனியே ஆராயத்தக்கவை. ஆயினும் படகு தீட்டிய பாறையை வறண்ட பாலை என்று விளக்கத் தொடங்குபவர், முதலில் அப்படகுக்கு விடை கூறல் வேண்டும்.

நிலம் ஓவியத்தின் பின்னே மாறிவிடும் என்பதற்குச் சகாரா வரை செல்ல வேண்டியதுமில்லை. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970 முதல் இயங்கி 2017-இல் நிறுத்தப்பட்டது. அதன் வடக்கே வடசென்னை அனல் மின்நிலையம் 1994 முதல் இயங்கிவருகின்றது. நிலக்கரி எரிந்த சாம்பலை நீரிற் கரைத்துக் குழாய் வழியே கொண்டுசென்று சேர்க்கும் பரப்பு செப்பாக்கத்தை அடுத்துள்ளது. கோடையில் அதன் ஒருபுறம் உலர்ந்து, கண்ணுக்கெட்டிய வரை சாம்பல் நிறமாய்க் கிடக்கும். காற்றெழுந்தால் தூசி பறக்கும். குழாய்களிற் கசிந்த சாம்பல் கொசத்தலையாற்றுக் கழியிலும் படிந்து, இறாலும் நண்டும் பிடித்தோர் வலைவீசிய இடங்களை மேடாக்கியுள்ளது. முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாதலை இளங்கோவடிகள் கூறினார். நெய்தல் திரிந்து பாலையாதலை அவர் கண்டிலர். அவர் கூறிய பாலை மழைக்குத் தன்னியல்பு மீளும். சாம்பல் மேட்டின்மேல் மழை பெய்தால் சாம்பலே நனையும்.

அன்றைய வகுப்பின் பின் மாணவர்களோடு அப்பக்கம் சென்றிருந்தோம். சாம்பற் பரப்பின் ஓரத்தில் பழுதுற்ற படகொன்று கவிழ்ந்து கிடந்தது. அருகில் நீர் இல்லை. கயிற்றைச் சுட்டிய அம்மாணவர், "இதை யாராவது படமாக வரைந்து வைத்தால், ஆயிரம் ஆண்டு கழித்துப் பாலைவனத்தில் படகு என்று தலைப்புக் கொடுப்பார்கள், ஐயா" என்றார். உடன் வந்தோர் நகைத்தனர். அவர் நகைக்கவில்லை, அவர் தந்தை அக்கழியில் வலைவீசியவர்.

எம் பழைய படியை இப்போது வகுப்பிற் காட்டுவதில்லை. மூவரும் கயிறும் முழுமையாக அமைந்த படியையும், படகு ஓவியத்தின் படியையும் அடுத்தடுத்து வைத்து, தலைப்பு எதுவும் எழுதாமல் மாணவர்க்குக் கொடுக்கின்றோம். முதலில் எதனைக் கண்டீர் என்பதே வினா. உள்நாட்டு ஊர்களிலிருந்து வருவோர் பெரும்பாலும் குதிரை என்று எழுதுகின்றனர்.